கடனும் தனமும் சேர்ந்தால் சைபர்: பிரம்மகுப்தர் கதை

மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தர வேண்டும் என்று குழுவினர் கேட்டதும், யோசிக்காமல் பிரம்மகுப்தர் பெயரைச் சொல்லிவிட்டேன். குழுவில் இருந்த இளைய நண்பர் ஒருவர், யார் சார் அவர், குப்த ராஜாக்களில் ஒருவரா என்று கேட்டார். ராஜா இல்லை தம்பி, ஆனால் கணக்கு வாத்தியார்களுக்கெல்லாம் ராஜா என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். சினிமாக்காரர், அரசியல்வாதி என்று எதிர்பார்த்திருப்பார்.

எனக்கு இவர் மேல் தனிப்பட்ட ஈடுபாடு வந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நம் கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு நான் போய்ச் சேர்ந்தது ஒரு வங்கியில். முப்பத்து நான்கு வருஷம் பற்று, வரவு எழுதியே தலை நரைத்தது. சாயங்காலம் கணக்கை முடிக்கும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சைபர் வர வேண்டும். வரவில்லையென்றால் வீட்டுக்குப் போக முடியாது. பத்து பைசா வித்தியாசத்துக்காக இரவு ஒன்பது மணி வரை லெட்ஜரைப் புரட்டிய நாட்கள் உண்டு. அப்படி உட்கார்ந்த நாட்களில்தான், கடன் என்பதும் ஒரு எண்தான், அதற்கும் இலக்கணம் உண்டு என்று முதன்முதலில் எழுதி வைத்தவர் யார் என்று தேட ஆரம்பித்தேன்.

இரண்டாவது காரணம் ஒரு நண்பன். பெயர் சொல்லவில்லை, அவனுக்கே தெரியும். நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் படித்து, ஒரே நாளில் இந்தக் கல்லூரியில் சேர்ந்தோம். பள்ளியில் ஒருநாள் கணக்கு வகுப்பில், மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் பிளஸ் வருது என்று அவன் கேட்டுவிட்டான். விதி அப்படித்தான், மனப்பாடம் பண்ணு என்று பதில் வந்தது. அவன் விடவில்லை. இரண்டு கடன்காரர்கள் சேர்ந்தால் எப்படிப் பணக்காரர் ஆவார்கள் என்று மறுபடியும் கேட்டான். வகுப்பு சிரித்தது. அவனை வெளியே நிற்க வைத்தார்கள். அந்த வருஷத்தோடு கணக்கின் மேல் அவனுக்கு இருந்த பிரியம் போயிற்று. கல்லூரியில் வரலாறு எடுத்தான். நல்ல ஆசிரியராகத்தான் ஓய்வு பெற்றான், அதில் குறையொன்றும் இல்லை. ஆனாலும் அன்று அவன் கேட்டது நியாயமான கேள்வி. பக்கத்து பெஞ்சில் இருந்த எனக்கும் விடை தெரியாது. தெரியாமலேயே நானும் சிரித்தேன். அதுதான் இத்தனை நாளும் உறுத்துகிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பிரம்மகுப்தர் பிறந்தது கி.பி. 598. தந்தையார் பெயர் ஜிஷ்ணு. ஊர் பில்லமாலம். இன்று ராஜஸ்தான் மாநிலம் ஜாலோர் மாவட்டத்தில், குஜராத் எல்லைக்கு அதிக தூரமில்லாமல் இருக்கும் பீன்மால்தான் அது. அந்தக் காலத்தில் அது கூர்ஜர தேசத்தின் தலைநகரம். சீன யாத்ரீகர் யுவான் சுவாங் அந்தத் தலைநகரத்தைத் தன் மொழியில் பி-லோ-மோ-லோ என்று எழுதி வைத்திருக்கிறார். ஊர்ப் பெயரை வைத்தே இவருக்குப் பில்லமாலாசாரியார் என்று ஒரு பெயரும் உண்டு.

அது எப்படிப்பட்ட காலம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வடக்கே ஹர்ஷர் ஆட்சி. தக்காணத்தில் இரண்டாம் புலிகேசி. நம் பக்கம் காஞ்சியில் மகேந்திரவர்மன், அவனுக்குப் பின் நரசிம்மவர்மன். அரேபியாவில் நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போனது 622-ல். அதற்கு ஆறு வருஷம் கழித்து, 628-ல், பில்லமாலத்தில் முப்பது வயது இளைஞர் ஒருவர் ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார். நூலின் பெயர் பிராம்ம ஸ்புட சித்தாந்தம். சாப வம்சத்து வியாக்ரமுகன் ஆண்ட காலத்தில், சக வருஷம் 550-ல், முப்பது வயதில் இதைச் செய்தேன் என்ற விவரத்தை அவரே நூலுக்குள் கொடுத்துவிட்டார். நம் நாட்டுப் பழைய ஆசிரியர்களில் பாதிப் பேருக்குக் காலம் எது என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இந்த மனிதர் அந்தச் சிரமத்தையே வைக்கவில்லை. கணக்கர் அல்லவா!

நூலில் இருபத்து நான்கு அத்தியாயங்கள், ஆயிரத்தெட்டு செய்யுள்கள். பெரும்பகுதி வானசாஸ்திரம்: கிரகங்களின் நிலை, சூரிய சந்திர கிரகணம், உதய அஸ்தமனம், சந்திரப் பிறை என்று போகும். நடுவில் பன்னிரண்டாம் அத்தியாயம் கணிதம். பதினெட்டாம் அத்தியாயத்துக்குக் குட்டகம் என்று பெயர். குட்டகம் என்றால் இடித்துப் பொடியாக்குவது. பெரிய எண்களைப் பொடித்துப் பொடித்துச் சின்னதாக்கி விடை காணும் முறைக்கு அந்தப் பெயர். நாம் இயற்கணிதம் என்றும் அல்ஜீப்ரா என்றும் சொல்வது அந்த அத்தியாயத்தில்தான் இருக்கிறது. தெரியாத எண்கள் பல வந்தால் அவற்றை நிறங்களின் பெயரால் குறிப்பது வழக்கம். நமக்கு எக்ஸ், ஒய் மாதிரி அவர்களுக்குக் கறுப்பு, நீலம். கேட்கவே அழகாக இருக்கிறது.

இந்தப் பதினெட்டாம் அத்தியாயத்தில்தான் நம் கதையின் உயிர் இருக்கிறது. சில செய்யுள்கள்தான், அதிகம் இல்லை.

அவர் மூன்று வகை எண்களை எடுத்துக்கொள்கிறார். தனம், ருணம், சூன்யம். தனம் என்றால் கையில் இருக்கும் பணம். ருணம் என்றால் கடன். சூன்யம் என்றால் ஒன்றுமில்லாதது. இதைத்தான் பாடப்புத்தகம் மிகை எண், குறை எண், பூச்சியம் என்கிறது. தனத்தோடு தனத்தைக் கூட்டினால் தனம். கடனோடு கடனைக் கூட்டினால் கடன். தனத்தையும் கடனையும் கூட்டினால் இரண்டின் வித்தியாசம் வரும். இரண்டும் சமமாக இருந்துவிட்டால் சூன்யம். அவ்வளவுதான் கூட்டல்.

கடைசியாக உள்ள அந்தச் சின்ன விதியில் நான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஏழு ரூபாய் கையில் இருக்கிறது, ஏழு ரூபாய் மளிகைக் கடையில் கடன் இருக்கிறது. உன்னிடம் எவ்வளவு இருக்கு என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பதுதான் பதில். (+7) + (−7) = 0. இதில் என்ன பிரமாதம் என்று தோன்றும். ஆனால் இந்த ஒன்றுமில்லை, நேற்றுப் பிறந்த குழந்தையின் ஒன்றுமில்லை அல்ல. இரண்டு பக்கமும் சரிக்குச் சரியாக இருந்து ஒன்றையொன்று அழித்ததால் வந்த ஒன்றுமில்லை. அதையும் ஒரு எண்ணாக வைத்து, அதைக் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம் என்று சொன்னதில்தான் அவர் பெரியவர் ஆகிறார். சூன்யத்தை ஒரு காலியிடமாக, எண்களின் வரிசையில் ஆள் இல்லாத நாற்காலியாகப் பயன்படுத்தியவர்கள் முன்பே இருந்தார்கள். அந்த நாற்காலியில் இருப்பதும் ஒரு ஆள்தான், அவனுக்கும் சட்டம் உண்டு என்று விதி எழுதியது, நமக்குக் கிடைத்திருக்கிற நூல்களில் இவருடையதில்தான் முதலில் தெளிவாகத் தெரிகிறது.

ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு எதிர் எண் உண்டு. 12-க்கு −12. −12-க்கு 12. ஜோடி சேர்ந்தால் சைபர். சைபருக்கு எதிர் எண் எது? சைபரேதான். கடன் இல்லாதவனுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவனும் கடன் இல்லாதவனே.

அடுத்தது கழித்தல். நம்மில் பலர் தடுமாறியது இங்கேதான். தனத்திலிருந்து கடனைக் கழிக்க வேண்டுமானால் கூட்டு என்கிறார். கடனிலிருந்து தனத்தைக் கழிப்பதானாலும் அப்படியே, கூட்டி, கடனாக வைத்துக்கொள். 5 − (−3) எப்படி 8 ஆகும்? வங்கிக்காரன் பாஷையில் சொல்கிறேன். ஒருவருக்கு ஐந்து ரூபாய் நிகர இருப்பு. அது எப்படி வந்தது? எட்டு ரூபாய் கையில், மூன்று ரூபாய் கடன். இப்போது அந்த மூன்று ரூபாய்க் கடனை எடுத்துவிடுங்கள், தள்ளுபடி செய்துவிடுங்கள். நிகர இருப்பு என்ன ஆயிற்று? எட்டு. கடனைக் கழிப்பது என்பது காசைக் கொடுப்பதற்குச் சமம். கடன் தள்ளுபடி வாங்கிய எந்த விவசாயிக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

கடனிலிருந்து சூன்யத்தைக் கழித்தால் கடன், தனத்திலிருந்து சூன்யத்தைக் கழித்தால் தனம், சூன்யத்திலிருந்து சூன்யத்தைக் கழித்தால் சூன்யம் என்று ஒன்றையும் விடாமல் எழுதிக்கொண்டே போகிறார். யாராவது பிறகு வந்து இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிடக் கூடாதே என்ற கவலை அந்த எழுத்தில் தெரிகிறது. நல்ல ஆபீஸ் மேனேஜர் சர்க்குலர் எழுதுவது மாதிரி.

பெருக்கலுக்கு வந்தால், தனமும் கடனும் பெருக்கினால் கடன், தனமும் தனமும் தனம், கடனும் கடனும் தனம். சூன்யத்தை எதோடு பெருக்கினாலும் சூன்யம். நண்பன் கேட்ட கேள்வி ஆயிரத்து நானூறு வருஷத்துப் பழைய செய்யுளில் விதியாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் காரணம்? காரணம் அங்கேயும் இல்லை. அந்தக் காலத்து நூல்களின் மரபு அப்படி. விதி செய்யுளில் இருக்கும், விளக்கம் குருவின் வாயில் இருக்கும். ஆகவே வகுப்பில் அன்று கிடைத்த பதிலுக்கு பிரம்மகுப்தரையே சாட்சி கூப்பிட்டால், அவரும் விதி அப்படித்தான் என்றுதான் சொல்வார் போலிருக்கிறது!

இருந்தாலும் அவர் கொடுத்த மற்ற விதிகளை வைத்தே காரணத்தைக் கட்டிவிடலாம். இதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். ஐந்தும் அதன் எதிர் எண்ணும் சேர்ந்தால் சைபர். சைபரை மைனஸ் மூன்றால் பெருக்கினாலும் சைபர்தான். ஆகவே (−3) × [5 + (−5)] = 0. இப்போது அடைப்புக்குள் இருப்பதைத் தனித்தனியாகப் பெருக்குவோம். (−3) × 5 என்பது மூன்று ரூபாய்க் கடன் ஐந்து தடவை, அதாவது −15. மிச்சம் இருப்பது (−3) × (−5). −15-ஓடு இந்த மிச்சத்தைச் சேர்த்தால் சைபர் வந்தாக வேண்டும். −15-ஐச் சைபராக்கக் கூடிய எண் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அதன் எதிர் எண், +15. வேறு வழியே இல்லை. இரண்டு கடன்காரர்கள் சேர்ந்து பணக்காரர் ஆகவில்லை. மூன்று ரூபாய்க் கடனை ஐந்து தடவை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். அன்று அந்த ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை.

வகுத்தலில்தான் பெரியவர் சறுக்கினார். கடனைக் கடனால் வகுத்தால் தனம், தனத்தைக் கடனால் வகுத்தால் கடன் என்பதெல்லாம் சரி. சூன்யத்தைச் சூன்யத்தால் வகுத்தால் சூன்யம் என்று எழுதிவிட்டார். அது தவறு. எட்டை இரண்டால் வகுத்தால் நான்கு என்கிறோம், ஏனென்றால் நான்கை இரண்டால் பெருக்கினால் எட்டு. சைபரைச் சைபரால் வகுத்து வருவதைச் சைபரால் பெருக்கினால் சைபர் வர வேண்டும். சைபர் என்றாலும் சரியாகிறது, ஐந்து என்றாலும் சரியாகிறது, ஆயிரம் என்றாலும் சரியாகிறது. எல்லா எண்ணும் பொருந்துகிற இடத்தில் ஒன்றை மட்டும் விடை என்று சொல்ல முடியாது. மற்ற எண்ணைச் சைபரால் வகுத்தால் என்ன என்பதற்கு, கீழே சைபர் உள்ள பின்னம் என்று பெயர் மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். ஐந்நூறு வருஷம் கழித்து வந்த பாஸ்கராசாரியார் அதற்கு எல்லையற்றது என்று பொருள் சொன்னார். அதுவும் முழுசாகச் சரியில்லை என்பது வேறு விஷயம்.

இந்தச் சறுக்கலை வைத்து அவரைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. யாரும் கால் வைக்காத இடத்தில் முதலில் நடந்தவர் ஒரு பள்ளத்தில் விழுந்தார். அதே நூலில் மீதி அத்தனை விதியும் இன்று ஏழாம் வகுப்புப் பிள்ளை படிப்பதோடு அப்படியே ஒத்துப் போகிறது. இந்த மதிப்பெண் எனக்குப் போதும்.

அவருடைய மற்றச் சாதனைகளை எழுதினால் மலர் முழுவதையும் நானே எடுத்துக்கொள்ள வேண்டி வரும். வட்டத்துக்குள் அமையும் நாற்கரத்தின் பரப்பளவை நான்கு பக்க அளவுகளை மட்டும் கொண்டு கண்டுபிடிக்கும் சூத்திரம் அவர் பெயரால்தான் இன்றும் வழங்குகிறது. ஒரு பக்கத்தைச் சைபர் என்று வைத்தால் அதுவே முக்கோணத்தின் பரப்பளவாகிவிடும், வைத்துப் பாருங்கள். இன்னொன்று நம் கணிதத் துறை நண்பர்களுக்காக. ஒரு வர்க்க எண்ணை 92-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் மறுபடியும் ஒரு வர்க்க எண் வர வேண்டும், அந்த எண் எது என்று ஒரு கணக்கு போட்டு, விடை காண ஒரு வருஷ அவகாசமும் கொடுக்கிறார். விடை 120. அதன் வர்க்கம் 14,400. 92-ஆல் பெருக்கினால் 13,24,800. ஒன்றைக் கூட்டினால் 13,24,801. அது 1151-ன் வர்க்கம். இதற்கு அவர் கண்ட வழிக்குப் பாவனை என்று பெயர். வேண்டிய ஒன்றுக்குப் பதிலாக முதலில் வேறொரு எண்ணைக் கூட்டி ஒரு விடையைப் பிடிப்பது, பிறகு விடையை விடையோடு சேர்த்து ஒன்றுக்கு வருவது. அப்படிக் கூட்டும் எண் தனமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, கடனாகவும் இருக்கலாம். கடனுக்கு விதி எழுதியவருக்கு அதில் பயம் இல்லை. ஐரோப்பாவில் பெர்மா இதே மாதிரிக் கணக்குகளைச் சவாலாக அனுப்பியது 1657-ல்.

மனிதர் எப்படிப்பட்டவர்? முப்பது வயதில் கொஞ்சம் முன்கோபக்காரர் என்றே எனக்குப் படுகிறது. பிராம்ம ஸ்புட சித்தாந்தத்தின் பதினொன்றாம் அத்தியாயம் முழுக்க முழுக்க முன்னோர்களைப் பிடித்து வாங்குவதற்கென்றே வைத்திருக்கிறார். அதில் அதிக அடி வாங்குபவர் ஆரியபட்டர். 499-ல் ஆரியபட்டீயம் எழுதிய அதே மகான்தான். பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று ஆரியபட்டர் சொன்னதை இவர் ஏற்கவில்லை. சுற்றினால் உயரமான பொருட்கள் ஏன் விழவில்லை என்று கேட்கிறார். யுகங்களை ஆரியபட்டர் சமமாகப் பிரித்ததும் ஸ்மிருதிக்கு விரோதம் என்று குற்றச்சாட்டு. வட்டத்தின் சுற்றளவுக்கு ஆரியபட்டர் கொடுத்த 3.1416 கையருகிலேயே இருந்தும், இவர் பத்தின் வர்க்கமூலத்தைத்தான், அதாவது 3.162-ஐத்தான், நுட்பமான மதிப்பு என்று எடுத்துக்கொண்டார். கோபம் கண்ணை மறைத்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

கிரகண விஷயம் இன்னும் விசித்திரம். ராகு விழுங்குவதால் கிரகணம் வருவதில்லை, நிழலால் வருகிறது என்று ஆரியபட்டர் சொல்லிவிட்டார். பிரம்மகுப்தர் கிரகணத்தைக் கணக்கிடுவதும் நிழலை வைத்துத்தான், கணக்கும் சரியாக வரும். ஆனால் ராகு இல்லை என்பவர்களைக் கண்டிக்கவும் செய்கிறார். நாலு நூற்றாண்டு கழித்து இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அல்பிரூனி இதைப் படித்துவிட்டுத் திகைத்துப் போனார். இத்தனை தெரிந்தவர் எப்படி இப்படிப் பேசலாம் என்று வருத்தப்பட்டு, ஊர்ப் பெரியவர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டாமே என்று செய்திருப்பார் என ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்கிறார். எனக்கு அந்தச் சமாதானம் பொருத்தமாகவே படுகிறது. அலுவலகத்தில் மேலதிகாரி சொல்வது தப்பு என்று தெரிந்தும் ஃபைலில் ஆமோதித்துக் கையெழுத்துப் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 665-ல், தமது அறுபத்தேழாம் வயதில், அவர் இன்னொரு நூல் எழுதினார். பெயர் கண்டகாத்யகம். சர்க்கரைப் பண்டம் என்று பொருள் வரும். அந்தப் பெயருக்கு ஏற்ப, பஞ்சாங்கம் கணிப்பவர்கள் எளிதாகக் கையாளும் கைநூல். அது எந்த முறையைப் பின்பற்றுகிறது தெரியுமா? ஆரியபட்டரின் முறையை! நாளை நள்ளிரவிலிருந்து தொடங்கும் ஆரியபட்டரின் கணக்கு அன்றாட உபயோகத்துக்குக் கடினமாக இருக்கிறது, அதே பலன் தரும்படி சுருக்கித் தருகிறேன் என்ற நோக்கத்தோடு ஆரம்பிக்கிறார். பின்பகுதியில் தம் சொந்தத் திருத்தங்களையும் சேர்க்கிறார். முப்பது வயதில் குறைகளை எண்ண முடியாது என்று திட்டியவரின் கணக்கை, அறுபத்தேழு வயதில் எடுத்து ஊருக்குப் பரிமாறுகிறார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அந்தத் தலைமுறை ஆண்கள் அப்படித்தான், என் அப்பாவும் அப்படித்தான். கோபித்துக்கொண்ட மறுநாள் காலையில் ஒன்றும் பேசாமல் காபியைக் கொண்டு வந்து வைப்பார்.

அந்த நூலிலும் ஒரு ரத்தினம் உண்டு. சைன் அட்டவணையில் இரண்டு மதிப்புகளுக்கு நடுவில் உள்ளதைக் கண்டுபிடிக்க, வித்தியாசத்தை மட்டும் பார்க்காமல் வித்தியாசத்தின் வித்தியாசத்தையும் எடுத்துக்கொள்கிறார். ஐரோப்பாவில் ஆயிரம் வருஷம் கழித்து நியூட்டன், ஸ்டிர்லிங் பெயர்களில் பேசப்பட்ட முறை இது. வயதானவர் மூளை மழுங்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதற்குச் சில ஆண்டுகளில், 668 வாக்கில், அவர் காலமானதாகக் கொள்வது வழக்கம்.

அவருக்குப் பிறகு அவர் கணக்குகள் ஊர் சுற்றின. 770-களில் சிந்து தேசத்திலிருந்து பாக்தாத் போன தூதுக்குழுவோடு அவருடைய வானசாஸ்திரம் கலீபா அல்மன்சூரின் அரண்மனைக்குப் போனது. அல்பஸாரி முதலியோர் அதை அரபுக்குக் கொண்டுவந்தார்கள். சித்தாந்தம் என்ற சொல் அங்கே சிந்துஹிந்த் ஆயிற்று. அதைத் தழுவி அல்குவாரிஸ்மி அட்டவணைகள் செய்தார். 1126-ல் அவை லத்தீனுக்கும் போயின. வேடிக்கை என்னவென்றால், கிரகங்களும் அட்டவணைகளும் கப்பலேறின, கடன் எண்கள் மட்டும் துறைமுகத்திலேயே நின்றுவிட்டன. அல்ஜீப்ரா என்ற பெயருக்கே காரணமான அல்குவாரிஸ்மியின் புத்தகத்தில் குறை எண் கிடையாது. அதைத் தவிர்ப்பதற்காகவே இருபடிச் சமன்பாடுகளைத் தனித்தனி வகைகளாகப் பிரித்து எழுத வேண்டியிருந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும், சீனர்கள் இவருக்கு முன்பே குறை எண்களைக் கையாண்டார்கள். எண்ணும் குச்சிகளில் சிவப்பு மிகைக்கு, கறுப்பு குறைக்கு. (வங்கியில் நாங்கள் சிவப்பு மையை எதற்கு வைத்திருந்தோம் என்று உங்களுக்குத் தெரியும், நேர் தலைகீழ்!) எல்லாப் பெருமையும் நமக்கே என்று மார்தட்டிக்கொள்வது எனக்குப் பிடிக்காது. கடன், தனம், சூன்யம் மூன்றையும் ஒரே குடும்பமாக்கி, கூட்டல் முதல் வர்க்கம் வரை சட்டம் வகுத்ததுதான் இவருடைய தனிப்பெருமை.

ஐரோப்பாவில் இந்தச் சண்டை வெகுநாள் நடந்தது. ஒரு வியாபாரக் கணக்கில் குறை எண் விடையாக வந்தபோது பிபோனாச்சி அதைக் கடன் என்று வைத்துச் சமாளித்தார். 1545-ல் கார்டானோ குறை விடைகளைக் கற்பனை விடை என்று ஒதுக்கினார். 1758-ல் பிரான்சிஸ் மாசரஸ் என்ற ஆங்கிலேயர், இந்த எண்கள் அல்ஜீப்ராவையே குழப்புகின்றன, தூக்கி எறிய வேண்டும் என்று ஒரு புத்தகமே போட்டார். மாசரஸ் உயிரோடிருக்கும்போதே, 1817-ல், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த கோல்புரூக், பிரம்மகுப்தரின் இரண்டு கணித அத்தியாயங்களையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து லண்டனில் வெளியிட்டார். மூல நூலைப் பதிப்பித்து காசியிலிருந்து சுதாகர திவிவேதி கொண்டுவந்தது 1902-ல்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. என் நண்பன் கேட்ட கேள்வியைத்தான் மாசரஸும் கேட்டார். அவரை யாரும் வெளியே நிற்க வைக்கவில்லை. கடைசியில் ராயல் சொசைட்டியில் அங்கத்தினராகவே இருந்தார்.

பீன்மாலுக்கு ஒரு தடவை போய்விட்டு வர வேண்டும் என்று ஆசை. ரயில் நிலையம் இருக்கிறது, எல்லை தாண்டினால் குஜராத். வரலாறு தெரிந்த ஒரு துணை இருந்தால் நல்லது, யுவான் சுவாங் எழுதிய ஊர் இதுதானா என்று அங்கேயே நின்று சண்டை போடலாம். இந்த வருஷ விழாவுக்கு அவன் வருவதாகத் தகவல். மதியச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் ஒரு இடம் பிடித்து வைத்திருக்கிறேன். வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டு வருகிறேன், டேய், ஐந்து நிமிஷம் போதும்.